மேடையிலிருந்து இறங்குதல்

சென்ற ஆண்டு ஒரு சாவு வீட்டில் பேசினேன். பேசி முடித்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தம்பி, மார்க் ஆண்டனி தோத்தான் போ" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நான் பொறியியல் படித்தவன். எனக்குத் தெரிந்த சீசர், அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த 'சொர்க்கம்' படத்தில் சிவாஜி நடித்த சீசர்தான். ஆண்டனி என்பவன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று என்னமோ பேசி ஊரையே கொளுத்திவிட்டான் என்பது மட்டும் தெரியும். சில வாரங்கள் கழித்து ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை வாங்கினேன். மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மட்டும் ஏழெட்டு தடவை வாசித்திருப்பேன். அந்த ஆசிரியர் சொன்னது பாராட்டுதானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்தச் சந்தேகத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் கேட்கும் அந்த உரையை வரலாற்று ஆண்டனி பேசவில்லை. சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15இல். சில நாள் கழித்து நடந்த இறுதிச் சடங்கில் ஆண்டனி பேசினான், ரத்தம் தோய்ந்த ஆடையைக் காட்டினான், கூட்டம் கொதித்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார், உரையைத் தரவில்லை. சூட்டோனியஸ் இன்னும் மோசம். செனட் சபை சீசருக்கு அளித்த மரியாதைத் தீர்மானத்தை அறிவிப்பாளனை விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, ஆண்டனி தன் பங்குக்கு ஒருசில வார்த்தைகளே பேசினான் என்கிறார். தாமஸ் நார்த் 1579இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த புளூட்டார்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதி நிரப்பியதுதான் நாம் வாசிக்கும் உரை. ஆகவே அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாடகாசிரியர் யோசித்து வைத்தது. அதைப் பிரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

*

இந்தக் காட்சியைப் பற்றிப் பொதுவாக ஒரு விளக்கம் சொல்வார்கள். புரூட்டஸ் அறிவைப் பார்த்துப் பேசினான், ஆண்டனி உணர்ச்சியைப் பார்த்துப் பேசினான், கூட்டத்துக்கு அறிவு கிடையாது, அதனால் ஆண்டனி ஜெயித்தான். நானும் அப்படித்தான் எதிர்பார்த்து வாசித்தேன். ஆனால் பிரதியில் அப்படி இல்லை.

புரூட்டஸ் முதலில் பேசுகிறான். உரைநடையில் பேசுகிறான். வாக்கியங்கள் தராசுத்தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். கேட்க அறிவார்த்தமாக இருக்கும். ஆனால் அதில் ஆதாரம் என்று ஒன்றுகூட இல்லை. என் மானத்தை நினைத்து என்னை நம்புங்கள் என்கிறான். சீசரை நான் நேசிக்காமல் இல்லை, ரோமை அதைவிட அதிகமாக நேசித்தேன் என்கிறான். சீசர் உயிரோடு இருந்து நீங்கள் அடிமையாகச் சாவது நல்லதா, சீசர் செத்து நீங்கள் சுதந்திரமாக வாழ்வது நல்லதா என்று கேட்கிறான். மூன்றாவதாக ஒரு வழி இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவிடாத கேள்வி அது. பிறகு, அடிமையாக இருக்க விரும்பும் கீழ்மகன் இங்கே யாராவது உண்டா, இருந்தால் பேசட்டும் என்கிறான். யார் கையைத் தூக்குவான்? யாரும் பேசவில்லை என்றதும், அப்படியானால் நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று முடித்துவிடுகிறான். இதுவும் உணர்ச்சிப் பேச்சுதான். வெட்கத்தையும் பெருமையையும் தொட்டுப் பேசும் பேச்சு. அழ வைக்கவில்லை என்பதால் நாம் அதை அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

சீசர் பேராசைக்காரன், அதனால் கொன்றோம் என்பது குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் என்ன? இரண்டாம் அங்கத்தில், தோட்டத்தில் தனியாக இருக்கும்போது புரூட்டஸ் தனக்குத்தானே ஒத்துக்கொள்கிறான்: சீசர் மேல் எனக்குச் சொந்தப் பகை இல்லை, இதுவரை அவன் நிதானம் தவறியதையும் பார்த்ததில்லை, ஆனால் முடி சூட்டினால் மாறிவிடலாம், ஆகவே முட்டைக்குள் இருக்கும்போதே பாம்பைக் கொன்றுவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதைக் கணிப்பு என்போம். இதுவரை ஒரு கோளாறும் காட்டாத இயந்திரத்தை, நாளைக்குக் கெடலாம் என்று சொல்லி உடைத்துப் போடுவது போல. அதை அவன் கூட்டத்திடம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

கூட்டம் அவன் பேச்சை எப்படி எடுத்துக்கொண்டது என்பது இன்னும் முக்கியம். இவனுக்குச் சிலை வையுங்கள் என்று ஒருவன் கத்துகிறான். இவனே சீசராகட்டும் என்று இன்னொருவன். முடியாட்சி வேண்டாம் என்று ஒருவனைக் கொன்றுவிட்டு வந்து பேசியவனிடம், நீயே முடி சூட்டிக்கொள் என்கிறார்கள். புரூட்டஸ் கைதட்டலை வாங்கிக்கொண்டான், ஆனால் அவன் சொன்ன காரணம் ஒருவர் காதிலும் ஏறவில்லை. அது அவனுக்குத் தெரியவும் இல்லை. எல்லோரும் இருந்து ஆண்டனி பேசுவதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். எனக்கு இந்த நாடகத்தில் ஆகப் பெரிய தவறாகத் தெரிவது இதுதான். எதிரி பேசும்போது அவன் அங்கே இல்லை.

*

ஆண்டனிக்குப் பேச அனுமதி கொடுத்தபோது புரூட்டஸ் நிபந்தனை போட்டிருந்தான். எங்களைக் குறை சொல்லக்கூடாது. சீசரைப் பற்றி நல்லது எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் அனுமதியோடு பேசுவதாகச் சொல்ல வேண்டும். நான் பேசிய பிறகு, அதே மேடையில் பேச வேண்டும். கேசியஸ் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்கிறான்.

ஆண்டனி அந்த நிபந்தனைகளை ஆரம்பத்தில் ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கிறான். அனுமதியோடு வந்திருக்கிறேன் என்கிறான். புரூட்டஸ் கண்ணியமானவன் என்கிறான். திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஒவ்வொரு முறை சொல்வதற்கு முன்பும் சீசரைப் பற்றி ஒரு தகவலை வைக்கிறான். சீசர் போரில் பிடித்துவந்த கைதிகளின் மீட்புப் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது. ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதான். லூப்பர்கால் திருவிழாவில் மூன்று முறை நீட்டிய மகுடத்தை மூன்று முறையும் மறுத்தான். இதெல்லாம் பேராசையா? ஆனால் புரூட்டஸ் பேராசை என்கிறான், புரூட்டஸோ கண்ணியமானவன். தகவல் ஏற ஏற, அந்தச் சொல் உள்ளுக்குள் அழுகிக்கொண்டே வருகிறது. முதல் தடவை மரியாதை, கடைசித் தடவை வசை. இடையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்தக் கட்டத்தில், ஆதாரம் கொண்டுவந்தவன் ஆண்டனி மட்டும்தான். உணர்ச்சிக்கு மயங்கும் கூட்டம் என்கிறோமே, அவர்களில் ஒருவன் சொல்வதைப் பாருங்கள்: இவன் பேச்சில் நியாயம் இருக்கிறது என்கிறான். இன்னொருவன், மகுடத்தை வாங்கவில்லையே, அப்படியானால் பேராசைக்காரன் இல்லைதானே என்று கூட்டிக் கழிக்கிறான். கொடுத்த தகவலை வைத்து யோசிக்கத்தான் செய்கிறார்கள். கொடுக்கப்பட்ட தகவலில்தான் கோளாறு. மகுடக் கதையை முதல் அங்கத்திலேயே காஸ்கா வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறான். சீசர் ஒவ்வொரு முறையும் மனசே இல்லாமல்தான் மறுத்தான், கூட்டம் ஆரவாரம் செய்ததால் மறுத்தான் என்று. அதைவிட, மகுடத்தை நீட்டியவனே ஆண்டனிதான்! அதை அவன் மறைக்கவும் இல்லை, நான் நீட்டினேன் என்று சொல்லித்தான் பேசுகிறான். உண்மையைத்தான் சொல்கிறான், ஆனால் அதன் மறுபாதியைச் சொல்லவில்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம், அரை உண்மையைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும்.

பிறகு பேச்சை நிறுத்துகிறான். மனசு சீசரோடு பெட்டிக்குள் போய்விட்டது, திரும்பி வரும்வரை பொறுங்கள் என்கிற மாதிரி. 1953இல் வந்த படத்தில் மார்லன் பிராண்டோ இந்த இடத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். கூட்டம், பாவம் அழுகிறான் என்று நினைக்கும். கேமரா நமக்கு அவர் முகத்தைக் காட்டும். அந்த முகம் பின்னால் கேட்கும் பேச்சை எடைபோட்டுக்கொண்டிருக்கும். எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாக அந்த இடத்தை விளக்கிவிட முடியாது.

*

அடுத்து உயில். சீசரின் அறையில் கிடைத்தது என்று ஒரு காகிதத்தைக் காட்டுகிறான். வாசிக்க மாட்டேன் என்கிறான். வாசித்தால் நீங்கள் தாங்கமாட்டீர்கள், நீங்கள்தான் அவனுடைய வாரிசுகள் என்று தெரியாமல் இருப்பதே நல்லது என்கிறான். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடுவது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் கைவந்த கலைதான் இது. "நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா நல்லாருக்காது" என்று அத்தை ஆரம்பித்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

இந்த இடத்தில்தான் எல்லாமே புரள்கிறது. அந்தக் கண்ணியமானவர்களுக்கு நான் அநியாயம் செய்துவிடுவேனோ என்று ஆண்டனி பயப்படுவதுபோல் சொல்ல, கூட்டத்தில் ஒருவன், அவர்கள் துரோகிகள் என்று கத்துகிறான். துரோகி என்ற சொல்லை அந்த மேடைக்கு முன்னால் முதலில் சொன்னது கூட்டம். ஆண்டனி அல்ல. அவன் செய்ததெல்லாம், முடிவை மட்டும் சொல்லாமல் விட்டுவைத்தது. கடைசி வரியைக் கேட்பவனே எழுதிக்கொண்டால், அது அவனுடைய சொந்தக் கருத்தாகிவிடும். அதற்கப்புறம் அதை அவனிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது.

உடனே அவன் கேட்கிறான்: கீழே இறங்கி வரலாமா, எனக்கு அனுமதி தருவீர்களா? வா வா என்கிறார்கள். எத்தனையோ பேர் இந்த உரையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சின்ன அசைவுதான் மையமாகப் படுகிறது. இதுவரை அவன் புரூட்டஸின் அனுமதியில் நின்றுகொண்டிருந்தான். இப்போது கூட்டத்தின் அனுமதியில் நிற்கிறான். அந்த மேடையில் நின்றால்தானே அந்த நிபந்தனை? இறங்கியாயிற்று. அதுவரை வாயில் வராத சொற்கள், கொடுந்துரோகம் உட்பட, இறங்கிய பிறகுதான் வருகின்றன.

பிணத்தைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொல்கிறான். சீசரின் மேலங்கியைத் தூக்குகிறான். நெர்வி இனத்தாரை வென்ற நாளில், ஒரு கோடைக்கால மாலையில், கூடாரத்தில் சீசர் இதை முதன்முதலில் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்கிறான். பிறகு கிழிசல்களைக் காட்டுகிறான். இது கேசியஸின் கத்தி போன வழி. இது காஸ்கா குத்தியது. இது புரூட்டஸ்.

அவனுக்கு எப்படித் தெரியும்? கொலை நடந்த நேரத்தில் டிரபோனியஸ் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதை நாம் மேடையிலேயே பார்த்தோம். எந்த ஓட்டை எவன் கத்தியால் விழுந்தது என்று கொன்றவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்தக் கூடார ஞாபகமும் அப்படித்தான். நெர்விகளோடு போர் நடந்தது கி.மு. 57இல். வரலாற்று ஆண்டனி கால்லியாவில் சீசரோடு போய்ச் சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. முன்பு அரை உண்மை. இப்போது பொய். ஆனால் எவ்வளவு அழகான பொய்! ஒரு துணி, ஒரு மாலைநேரம், ஒரு பெயர். நம்பாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஓட்டை உண்மை, ரத்தம் உண்மை. உண்மையான பொருள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால், அதைப் பற்றிச் சொல்லும் எதுவும் உண்மையாகிவிடுகிறது.

ரோமானியர்கள் இதில் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். படுத்துக் கிடந்த உடல் கூட்டத்துக்குத் தெரியவில்லை என்று, 23 காயங்களோடு சீசரின் மெழுகு உருவம் ஒன்றைப் பாடைக்கு மேலே தூக்கி, ஒரு பொறியால் எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்டினார்கள் என்று அப்பியன் எழுதுகிறார். அந்தப் பொறியைச் செய்தவன் என் தொழில்காரன் என்று நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஷேக்ஸ்பியர் அந்த இயந்திரத்தைத் தன் மேடையில் வைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு துணியும் ஒரு குரலும் அவருக்குப் போதுமாக இருந்தது.

கூட்டம் கொளுத்தக் கிளம்புகிறது. அப்போதும் அவன் திரும்பக் கூப்பிட்டு, உயிலை மறந்துவிட்டீர்களே என்கிறான். ஆளுக்கு 75 திராக்மா, டைபர் ஆற்றோரத் தோட்டங்கள். இதற்கு நடுவில், எனக்கு புரூட்டஸ் மாதிரிப் பேசத் தெரியாது, நான் வெள்ளந்தியான ஆள் என்றும் சொல்லிக்கொள்கிறான். ரோமிலேயே ஆகச் சிறந்த பேச்சைப் பேசிக்கொண்டே!

*

அழகாகப் பேசினான், ஜெயித்தான் என்று இதோடு நிறுத்தியிருந்தால் பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவனுக்கு இது பாடமாகியிருக்கும். ஷேக்ஸ்பியர் நிறுத்தவில்லை. அடுத்த காட்சியில் சின்னா என்ற கவிஞன் தெருவில் மாட்டிக்கொள்கிறான். சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர். நான் அவன் இல்லை, நான் கவிஞன் என்று கெஞ்சுகிறான். கவிதை மோசம் என்பதற்காகக் கிழியுங்கள் என்று ஒருவன் கத்துகிறான். சிரிப்பு வரும், உடனே சிரித்ததற்கு வெட்கமாக இருக்கும். சற்றுமுன்வரை கூட்டிக் கழித்து யோசித்த அதே மக்கள்தான் இவர்கள்.

நான்காம் அங்கத்தின் தொடக்கம் அதைவிடக் குளிர்ச்சியானது. ஆண்டனி, ஆக்டேவியஸ், லெப்பிடஸ் மூவரும் உட்கார்ந்து யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போடுகிறார்கள். தன் அக்காள் மகன் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைக்க ஆண்டனி தயங்கவில்லை. பிறகு லெப்பிடஸை அனுப்புகிறான்: சீசர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்து வா, கொடுக்க வேண்டியதில் எதையெல்லாம் குறைக்கலாம் என்று பார்ப்போம்.

அதே உயில். கூட்டத்துக்குக் காட்டி அழவைத்த அதே காகிதம். இரண்டு மூன்று வரிதான், வேகமாக வாசித்தால் கடந்துபோய்விடும். எனக்கு உரை முழுவதையும் இந்த வரிகள்தான் விளக்கின. ஆண்டனியின் கண்ணீர் பொய் என்று சொல்ல மாட்டேன். தனியாகச் சீசரின் உடலுக்கு முன்னால் நின்றபோதும் அவன் கலங்கினான், பார்க்க யாரும் இல்லாதபோதும். அவன் துக்கம் நிஜம். நிஜமான துக்கத்தை எடுத்துக் கருவியாக்கினான் என்பதுதான் பிரச்சனை. பொய் துக்கத்தை நாம் மோப்பம் பிடித்துவிடுவோம். நிஜ துக்கத்தின் மேல் வைத்த பொய்யை எப்படிப் பிடிப்பது?

*

இனி நான் பேசிய கதைக்கு வருகிறேன்.

என் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்த ஒரு டெக்னீஷியன், இரவு வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்துபோனார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். "நீதான் நல்லா தமிழ் பேசுவ, கம்பெனி சார்பா நாலு வார்த்த பேசிடு. வேல நேரத்தப் பத்தியெல்லாம் எதுவும் வேணாம்" என்று மேலிடத்தில் சொன்னார்கள். எனக்கும் நிபந்தனை இருந்தது. நானும் கடைப்பிடித்தேன்.

அவருடைய டூல் பையைப் பற்றிப் பேசினேன். உள்ளே ஒவ்வொரு ஸ்பேனரும் எந்த இடத்தில் இருக்கும் என்று பேசினேன். அது உண்மை. பிறகு வாய் தானாக ஓடியது. "அன்னைக்குக் காலையில கிளம்பும்போதுகூட என்னப் பாத்து சிரிச்சுக்கிட்டே, 'எல்லாம் ஓகே பாஸ், நா போய்ட்டு வரேன்'னுதான் சொன்னாரு" என்றேன். வீடே அழுதது. நானும் அழுதேன், அந்த அழுகை நிஜம். அன்றைக்கு நான் விடுப்பில் இருந்தேன் என்பதும் நிஜம்.

ஆண்டனி கூட்டத்தைக் கொளுத்தினான். நான் அணைத்தேன். அந்த வீட்டில் சிலர் கோபமாகத்தான் இருந்தார்கள், அந்த மாதம் அவர் எவ்வளவு ஓ.டி. செய்தார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேசிய பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கம்பெனியில் எனக்கு நன்றி சொன்னார்கள்.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் போனபோது அவர் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க லீவுதானே?"

"ஆமா."

"அம்மா தினமும் அதயே சொல்லிக்கிட்டு இருக்காங்க. 'எல்லாம் ஓகே, போய்ட்டு வரேன்'னு சொன்னானாம். அவங்ககிட்ட எதுவும் சொல்லிடாதீங்க." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "ஆனா அண்ணன் அந்த மாசம் எத்தன மணி நேரம் வேல செஞ்சாருன்னு உங்ககிட்ட பேப்பர் இருக்கும்ல. அத மட்டும் குடுங்கண்ணே."

இருந்தது. சட்டப்படி ஒரு மாதத்தில் 104 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது. அந்தக் காகிதத்தில் எவ்வளவு இருந்தது என்பதை நான் பேசுவதற்கு முன்பே பார்த்திருந்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைப் பேசாமல் இருப்பதற்காகத்தான் ஸ்பேனரைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசினேன் என்பது, உயிலைக் குறைக்கச் சொல்லும் அந்த வரிகளை வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இரங்கல் உரையில் உணர்ச்சி இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி இல்லாமல் சாவு வீட்டில் எதற்குப் பேச வேண்டும்? புரூட்டஸ் மாதிரி எடைபோட்டுப் பேசுவதும் நேர்மை ஆகிவிடாது. பேசுகிறவன் கையில் என்ன காகிதம் இருக்கிறது, எதைக் காட்டினான், எதை மடித்து வைத்துக்கொண்டான், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அதை என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். மேடையில் இருக்கும்போது அது தெரியாது. ஷேக்ஸ்பியர் அதற்காகத்தான் நான்காம் அங்கம்வரை நம்மைக் காக்கவைக்கிறார்.

நாடகத்தை வாசித்து முடித்து இன்னும் பத்து நாள் ஆகியது, அந்தக் காகிதத்தைப் பிரதியெடுத்து அவன் தம்பியிடம் கொடுக்க. வாங்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டான்.